பார்க்கலாம், வைத்துக்கொள்ளலாமா?

யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கும்படி இணையத்தில் ஒரு காணொளி இருக்கிறது. அதைப் பத்து முறை பார்த்தாலும் நூறு முறை பார்த்தாலும் கேட்பாரில்லை. ஒவ்வொரு முறையும் அது போனுக்கோ கணினிக்கோ இறங்கி வந்துதான் திரையில் ஓடுகிறது. அப்படி இறங்கியதை அழியவிடாமல் எடுத்து வைத்துக்கொண்டால் மட்டும் தப்பாகிவிடுமா?

இந்தக் கேள்விக்குச் சட்டம் படித்தவர்கள் ஒரு பதில் சொல்கிறார்கள். மென்பொருள் எழுதுபவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். காணொளி எடுத்துப் பிழைப்பவர்களின் பதிலும், ஆவணக் காப்பாளர்களின் பதிலும், டேட்டா தீர்ந்துபோன மாணவரின் பதிலும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பூர்வகதை உண்டு. பெரும்பாலானவை இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பிறந்தவை.

தொடங்கும்போதே ஒன்றைப் பிரித்துவிடுவது நல்லது. 'டவுன்லோடு' என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். இப்போது பார்க்க முடியாததைப் பிறகு பார்ப்பதற்காக எடுத்து வைப்பது ஒன்று. இனி எப்போதும் நம் கைவசம் இருக்கும்படி வைத்துக்கொள்வது மற்றொன்று. சேவை நிறுவனங்கள் முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதையும் கொடுத்துவிட்டதாகப் பேசுகின்றன. பயனர்களோ முதலாவதற்கான நியாயத்தைச் சொல்லி இரண்டாவதை எடுத்துக்கொள்கிறார்கள். விவாதத்தில் உள்ள குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்று தோன்றுகிறது.

டேப் ரிக்கார்டர் காலத்து வழக்குகள்

மேற்கு ஜெர்மனியில் 1950களில் டேப் ரிக்கார்டர் வீடுகளுக்குள் நுழைந்தது. இசைப் படைப்பாளிகளுக்கான உரிமைத் தொகையை வசூலிக்கும் கெமா என்ற அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. வீட்டுக்குள் பதிவு செய்தாலும் படைப்பாளியின் அனுமதி வேண்டும் என்று 1955இல் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு கிடைத்துவிட்டது, ஆனால் யார் வீட்டில் யார் எதைப் பதிவு செய்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? டேப் ரிக்கார்டர் வாங்க வருகிறவரின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி விவரம் தரவேண்டும் என்று கெமா கோரியது. வீட்டின் அந்தரங்கத்தைக் குலைக்கும் கோரிக்கை என்று 1964இல் அதே நீதிமன்றம் அதை நிராகரித்தது.

அடுத்த ஆண்டு வந்த பதிப்புரிமைச் சட்டம் புது வழி ஒன்றைக் கண்டது. சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாகப் பதிவுக் கருவி தயாரிப்பவர் ஒரு சிறு தொகையைப் படைப்பாளிகளுக்குக் கொடுக்க வேண்டும். இருபதாண்டு கழித்து வெற்றுக் கேசட்டுக்கும் இந்தத் தீர்வை வந்தது. ஐரோப்பாவின் பல நாடுகள் இந்த ஏற்பாட்டைப் பின்பற்றின. இன்று ஜெர்மனியில் ஒருவர் வாங்கும் போனின் விலையிலும் இதற்கான பங்கு அடங்கியிருக்கிறது.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் வீடியோ ரிக்கார்டரை விற்கத் தொடங்கியது. மறு ஆண்டே யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் வழக்குப் போட்டன. திரைத்துறைச் சங்கத்தின் தலைவர் ஜாக் வேலண்டி 1982இல் நாடாளுமன்றக் குழுவின் முன் பேசியபோது, இந்தக் கருவியைப் பெண்களைத் தேடிக் கொன்ற ஒரு கொலைகாரனோடு ஒப்பிட்டார். சோனி மீதான வழக்கிலோ குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ், குடும்பங்கள் தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்து தங்களுக்குத் தோதான நேரத்தில் பார்ப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சாட்சி சொன்னார். 1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பை இன்றும் பலர் 'வீட்டில் பதிவு செய்யலாம்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அது சற்று அதிகப்படியான வாசிப்பு. ஒளிபரப்பான நேரத்தில் பார்க்க முடியாதவர் பதிவு செய்து பிறகு பார்ப்பதைத்தான் நீதிமன்றம் நியாயமான பயன்பாடு என்றது. பதிவு செய்த கேசட்டுகளை அலமாரியில் அடுக்கிச் சொந்த நூலகமாக வைத்துக்கொள்வது சரியா என்ற கேள்விக்கு அது தெளிவாகப் பதில் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு யூடியூபைப் பற்றி நாம் கேட்டுக்கொண்டிருப்பது, அன்று மிச்சம் விட்ட அந்தப் பாதிக் கேள்வியைத்தான்.

திரைக்குப் பின்னால் நடப்பது

யூடியூப் 2005இல் தொடங்கிய காலத்தில் காணொளி பெரும்பாலும் முழுக் கோப்பாகவே வந்து இறங்கியது. சிவப்புக் கோட்டுக்கு முன்னால் சாம்பல் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து கடைசி வரை போகும். அது முடியும்வரை காத்திருந்து, பிரவுசரின் தற்காலிகக் கோப்புறையைத் திறந்தால் அங்கே காணொளி முழுசாகக் கிடக்கும். எடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பெயர் மாற்றினால் வேலை முடிந்தது.

அந்த நிலை மாறிவிட்டது. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த முறையும், 2012இல் சர்வதேசத் தரமாக வெளியான டேஷ் முறையும் காணொளியைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகின்றன. ஒரே காணொளி பல தரங்களில் தயாராக இருக்கும். சிக்னல் குறைந்தால் அடுத்த துண்டு மங்கலான தரத்தில் வரும். சிக்னல் ஏறினால் தெளிவாக வரும். படம் தனியாகவும் ஒலி தனியாகவும் வருவதும் உண்டு. உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்து டவுன்லோடு செய்தவர் கோப்பைத் திறந்தால் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை என்று திகைப்பதற்கு இதுவே காரணம். நல்ல கருவிகள் இரண்டையும் தனித்தனியே இறக்கி, எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருளால் தைத்து ஒரே கோப்பாக்குகின்றன.

சட்டப்படி முக்கியமான ஒரு வேறுபாடும் இங்கே இருக்கிறது. சில காணொளிகள் துண்டுகளாக வந்தாலும் பூட்டில்லாமல் வருகின்றன. நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளின் படங்கள் பூட்டோடு வருகின்றன. கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டின் பிளேரெடி ஆகியவை அந்தப் பூட்டுகள். சாவி ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரவேண்டும். திரையைப் பதிவு செய்யப் பார்த்தால் பல கருவிகளில் கறுப்புக் கட்டம்தான் பதிவாகும். இத்தகைய பூட்டுகளோடு பேசும் வழியைப் பிரவுசர்களுக்கான பொதுத் தரமாக டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பரில் ஏற்றது. அதை எதிர்த்து எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் அந்த அமைப்பிலிருந்தே விலகியது.

'பார்ப்பது வேறு, டவுன்லோடு வேறு' என்ற வாதம் தொழில்நுட்பரீதியாக நிற்காது. பார்ப்பதே இறக்குவதுதான். இறங்கிய துண்டுகள் எவ்வளவு நேரம் இருக்கின்றன, சாவி யாரிடம் இருக்கிறது என்பவை மட்டுமே மாறுகின்றன.

கொடுப்பவரின் நிபந்தனை

முதல் நிலைப்பாடு சேவை நிறுவனங்களுடையது. படைப்பாளிகள் பலரும் இதை ஆதரிக்கிறார்கள். காணொளி இலவசம் அல்ல, விளம்பரத்தால் விலை கொடுக்கப்படுகிறது என்பது இதன் சாரம். யூடியூப் நீளக் காணொளிகளின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதத்தைப் படைப்பாளிக்குத் தருகிறது. வெளிக் கருவியால் இறக்கிப் பார்க்கும்போது விளம்பரம் ஓடாது, பார்வைக் கணக்கும் ஏறாது. சமையலோ கணக்குப் பாடமோ போட்டு அதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு இது நேரடி இழப்பு. சேவையே தரும் வசதியின் மூலமோ முன் அனுமதியோடோ அன்றி டவுன்லோடு செய்யக்கூடாது என்று யூடியூபின் விதிமுறைகள் சொல்கின்றன. இந்த வாதத்தைப் பணக்கார நிறுவனத்தின் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது; எதிர்முனையில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

நிறுவனங்கள் மாற்று வழியும் கொடுத்திருக்கின்றன. யூடியூப் 2014 டிசம்பரில் இந்தியாவில் 'ஆஃப்லைன்' வசதியைக் கொண்டுவந்தது. சேமித்த காணொளி 48 மணி நேரம் இருக்கும். 2016இல் அறிவித்த யூடியூப் கோ இன்னும் ஒருபடி மேலே போனது. எந்தத் தரத்தில் இறக்கினால் எத்தனை எம்.பி. ஆகும் என்று முன்கூட்டியே காட்டியது. இணையம் இல்லாமலே பக்கத்தில் இருப்பவரின் போனுக்கு மாற்றவும் விட்டது. டேட்டாவைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்த காலத்தில் இந்நாட்டு மக்களின் கஷ்டத்தைப் புரிந்துகொண்டு செய்த கருவி அது. நெட்ஃபிளிக்ஸும் 2016 நவம்பரில் டவுன்லோடு வசதியைத் தொடங்கியது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், கொடுத்த வசதியின் தன்மையில் இருக்கிறது. செயலிக்குள் சேமித்த காணொளியைப் போனின் நினைவகத்தில் தேடிப் போனால், வேறு எந்தப் பிளேயராலும் திறக்க முடியாத துண்டுகள்தான் கிடைக்கும். யூடியூப் பிரீமியம் என்ற கட்டணச் சேவையில் ஏறத்தாழ 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைந்து கணக்குக் காட்டவேண்டும். பதிவேற்றியவர் காணொளியை நீக்கிவிட்டால், அடுத்த முறை இணையும்போது அது போனிலிருந்தும் போய்விடும். நெட்ஃபிளிக்ஸில் சில படங்கள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகின்றன. இதைச் சேமிப்பு என்பதைவிடத் தவணை வைத்த இரவல் என்பதே பொருத்தம்.

அந்த இரவலும் நிலையானதாக இல்லை. யூடியூப் கோ 2022 ஆகஸ்டில் மூடப்பட்டது. நெட்ஃபிளிக்ஸ் தன் புதிய விண்டோஸ் செயலியிலிருந்து 2024இல் டவுன்லோடு வசதியை எடுத்துவிட்டது. கணினியில் சேமித்துப் பார்த்தவர்கள் போனுக்கு மாறவேண்டியதாயிற்று. காசு கொடுத்து 'வாங்கிய' டிஜிட்டல் பொருளும் உண்மையில் உரிமம் மட்டுமே என்பதை விற்பவர் வாங்குபவருக்குச் சொல்லவேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் சட்டம் செய்தது. நிரந்தரமாக இறக்கி ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருள்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உடைமைக்கும் இரவலுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று ஒரு சட்டமன்றம் யோசித்தபோது, கோடு விழுந்தது ஆஃப்லைன் பிரதியின்மீது.

இன்னொரு முரணும் உண்டு. பிறர் பிரதி எடுக்கலாம், பகிரலாம் என்று படைப்பாளியே அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை யூடியூப் 2011 முதல் வைத்திருக்கிறது. ஆனால் அந்த உரிமத்தில் வெளியான காணொளியையும் ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ளப் பார்வையாளருக்குப் பொத்தான் எதுவும் இல்லை. படைப்பாளி திறந்துவிட்ட கதவைத் தளத்தின் விதிமுறை சாத்தி வைத்திருக்கிறது. நிபந்தனை போடும் அதிகாரம் படைப்பாளியின் பெயரால் கோரப்பட்டாலும், அது எப்போதும் படைப்பாளியிடம் இருப்பதில்லை என்பதை இது காட்டுகிறது.

சொந்த உபயோகம் என்ற கவசம்

விதிமுறை என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தை மீறுவது வேறு, சட்டத்தை மீறுவது வேறு என்பது இரண்டாவது நிலைப்பாடு. இந்தியாவைப் பொறுத்தவரை இதற்குப் பலமான ஆதாரம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட உபயோகத்துக்கான 'நியாயமான கையாளலை' மீறல் அல்ல என்கிறது. முன்பு எழுத்து, நாடகம், இசை, ஓவியம் போன்றவற்றோடு நின்ற இந்த விலக்கை, 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கணினி நிரல் தவிர்த்த எல்லாப் படைப்புகளுக்கும் விரித்தது. அதாவது திரைப்படமும் ஒலிப்பதிவும் அப்போதுதான் உள்ளே வந்தன. கூடவே ஒரு விளக்கமும் சேர்ந்தது: இந்த நோக்கங்களுக்காக ஒரு படைப்பை மின்னணு ஊடகத்தில் சேமித்து வைப்பதும் மீறல் ஆகாது. காணொளியைச் சேமிப்பது பற்றி இவ்வளவு நேரடியாகப் பேசும் வரி பல நாட்டுச் சட்டங்களில் இல்லை. இந்திய விவாதங்களில் இது போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம்.

பூட்டை உடைப்பது பற்றிய 65ஏ பிரிவும் அதே திருத்தத்தில் வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்காகச் செய்தால் குற்றமில்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, பூட்டை உடைப்பதையே தடுக்கிறது. அதோடு பார்க்கும்போது நம் சட்டம் தாராளமானது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: இன்னொருவர் பூட்டைத் திறக்க உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும். ஜெர்மன் நீதிமன்றம் 1964இல் நிராகரித்த அடையாள அட்டைக் கோரிக்கையின் சாயல் இதில் தெரிகிறது.

கவசத்தில் ஓட்டைகளும் உண்டு. எது 'நியாயமான' கையாளல் என்பதற்குச் சட்டத்தில் இலக்கணம் கிடையாது. வழக்குக்கு வழக்கு நீதிமன்றம்தான் எடைபோட வேண்டும். ஒரு பாடத்தை இறக்கி இருமுறை பார்ப்பதும், ஒரு சேனலில் உள்ள ஆயிரம் காணொளிகளையும் வாரிக்கொண்டு போவதும் ஒரே தட்டில் வைக்கப்படும் என்று எதிர்பார்க்க இயலாது. சொந்த உபயோகத்துக்கு எடுத்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட உடனே அது சொந்த உபயோகமாக இருக்கிறதா என்ற சந்தேகமும் எழுகிறது.

மற்ற நாடுகளில் கவசம் சுருங்கி வந்திருக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல், சட்டவிரோதமாக வெளியிடப்பட்ட மூலத்திலிருந்து எடுக்கும் பிரதிக்கு விலக்கு பொருந்தாது என்றது. பிரிட்டன் அதே ஆண்டு அக்டோபரில் தனிப்பட்ட பிரதிக்கு முதன்முறையாக விலக்கு கொடுத்தது. படைப்பாளிகளுக்கு இழப்பீடு தேவையில்லை என்ற அரசின் முடிவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் 2015இல் அதை ரத்து செய்தது. பத்து மாதம்கூட அது உயிரோடு இல்லை. ஜப்பானோ, திருட்டுப் பதிவேற்றம் என்று தெரிந்தே இசையையும் காணொளியையும் இறக்குபவருக்கு 2012 அக்டோபர் முதல் சிறைத் தண்டனைக்கே வழி செய்தது.

கருவி செய்தவர் குற்றவாளியா

பார்வையாளர்களைத் தேடிப் பிடிப்பது கடினம் என்பதால் சண்டை கருவிகளின் பக்கம் திரும்பியது. யூடியூப்-டிஎல் என்ற நிரல் 2006 முதல் இருந்து வருகிறது. அமெரிக்க இசைத்துறைச் சங்கத்தின் கோரிக்கையின்பேரில் 2020 அக்டோபர் 23 அன்று கிட்ஹப் தளம் அதை நீக்கியது. யூடியூப் காணொளி முகவரிகளை மறைக்கப் பயன்படுத்தும் மாறும் குறியீட்டை அது உடைக்கிறது, சோதனைக்காக நிரலுக்குள் புகழ்பெற்ற பாடல்களின் முகவரிகளை வைத்திருக்கிறது என்பவை குற்றச்சாட்டுகள். எந்தப் பிரவுசரும் செய்வதைத்தான் இந்த நிரலும் செய்கிறது, உடைப்பதற்குப் பூட்டே இல்லை என்று எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் பதில் எழுதியது. நவம்பர் 16 அன்று கிட்ஹப் நிரலைத் திரும்ப வைத்தது. இத்தகைய வழக்குகளில் நிரலாளர்களுக்கு உதவப் பத்து லட்சம் டாலர் நிதியையும் அறிவித்தது. செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் ஆவணப்படுத்தலுக்கு இதை நம்பியிருக்கிறார்கள் என்பது அந்தச் சில வாரங்களில் பொதுவெளியில் தெரியவந்தது.

ஆனால் ஜெர்மனியின் ஹாம்பர்க் மாவட்ட நீதிமன்றம் 2023இல் நேர் எதிராக முடிவு செய்தது. அதே மாறும் குறியீடு பயனுள்ள பாதுகாப்புதான் என்று சொல்லி, அந்த நிரலின் இணையதளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. சாதாரணப் பிரவுசர் திறக்கும் ஒன்று பூட்டா, வெறும் தாழ்ப்பாளா என்ற கேள்விக்கு இன்னும் ஒரே பதில் இல்லை.

நடைமுறையில் பயனரைப் பாதிப்பது வேறொன்று. திறந்த நிரல்களின் மூலத்தை யாரும் படித்துச் சரிபார்க்கலாம். ஆனால் பெரும்பாலானோர் போவது, முகவரியை ஒட்டினால் கோப்பு தரும் இணையதளங்களுக்கும் பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஏபிகே செயலிகளுக்கும்தான். அவற்றில் 'டவுன்லோடு' என்று எழுதிய பொத்தான்கள் பல இருக்கும். காணொளியைத் தருவது எது, விளம்பரத்துக்கோ தீங்கான கோப்புக்கோ இழுத்துச் செல்வது எது என்று கண்டுபிடிப்பதே பாடு. சட்டத்தின் தெளிவின்மை நல்ல கருவிகளை ஓரமாகத் தள்ளி, மோசமானவற்றுக்குச் சந்தையைத் திறந்துவிட்டிருக்கிறது என்று வாதிட இடமிருக்கிறது.

சிக்னல் எட்டாத இடங்கள்

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்துக்கு வெளியிலும் ஒரு செல்போன் கடை இருக்கும். கண்ணாடியில் 'மெமரி கார்டில் பாட்டு, படம் ஏற்றித் தரப்படும்' என்று ஒட்டியிருக்கும். உள்ளே ஒரு பழைய கணினி, அதில் இளையராஜா, எம்.ஜி.ஆர்., பக்திப் பாடல் என்று வரிசையாகக் கோப்புறைகள். நகக்கண் அளவு கார்டை ரீடரில் செருகி, கேட்டதை இழுத்துப் போட்டு, சில்லறை வாங்கிக்கொள்வார்கள். டேட்டா விலை அதிகமாக இருந்த அந்தக் காலத்தில் ஏராளமானோருக்கு இணையம் என்பது அந்தக் கடையின் வழியாக வந்ததுதான். கியூபாவில் இதுவே ஒரு நாட்டளவுக்கு வளர்ந்தது; 'எல் பாக்கெட்டே' என்ற பெயரில் வாரந்தோறும் சுமார் ஒரு டெராபைட் அளவுக்குப் படங்களும் நிகழ்ச்சிகளும் ஹார்டு டிஸ்க்கில் வீடு வீடாகச் சுற்றின.

ஜியோ 2016 செப்டம்பரில் வந்தபின் டேட்டா மலிவானது, கடைகளும் குறைந்தன. தேவை தீர்ந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். 2020இல் பள்ளிகள் மூடியபோது அது தீரவில்லை என்று தெரிந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கோ, அரசு கொடுத்த மடிக்கணினியைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் பாடக் காணொளிகளை ஏற்றித் தரும் ஏற்பாட்டைப் பள்ளிக் கல்வித் துறை செய்தது. மெமரி கார்டு கடை செய்த வேலையை இப்போது அரசே செய்தது. சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் திட்டமும் தன் விரிவுரைகளைத் திறந்த உரிமத்தில் வைத்து, இறக்கிக்கொள்ள வழியும் தருகிறது. கான் அகாடமி பாடங்களை இணையமில்லாப் பள்ளிகளுக்குக் கொண்டுபோக 2012இல் தொடங்கிய முயற்சி, இன்று கோலிப்ரி என்ற மென்பொருளாகப் பல நாடுகளில் ஓடுகிறது.

அணுகல் சார்ந்த இந்த நிலைப்பாடு மனதைத் தொடுவது. எனக்கும் இதன்மேல் சாய்வு உண்டு. ஆனால் தேவையை மட்டும் அளவுகோலாக வைத்தால் அது எதையும் பிரித்துச் சொல்லாது. அதே மெமரி கார்டில் பாடமும் ஏறியது, முந்தின வாரம் வெளியான படமும் ஏறியது. இங்கே வெற்றிபெற்ற ஏற்பாடுகள் எல்லாம் உரிமையாளர் முன்வந்து கொடுத்தவை. கொடுக்க மறுப்பவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு இந்த வாதத்தில் பதில் இல்லை.

அழிந்தபின் தேடுவது

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளியானது. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. பிபிசி தன் டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியதில் 'டாக்டர் ஹூ' தொடரின் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் காணாமல் போனது. ஆனால் அத்தனை பகுதிகளின் ஒலியும் பிழைத்திருக்கிறது, ரசிகர்கள் வீட்டில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்ததால். அமெரிக்காவின் மேரியன் ஸ்டோக்ஸ் 2012இல் இறக்கும்வரை முப்பதாண்டுக்கும் மேலாகத் தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிவு செய்து சுமார் 70,000 கேசட்டுகளை விட்டுச்சென்றார். இன்று அவை இண்டர்நெட் ஆர்க்கைவ் வசம் இருக்கின்றன. அதிகாரபூர்வக் காப்பகம் தவறவிட்டதை அனுமதி கேட்காத தனிமனிதர் காப்பாற்றிய கதைகள் இவை.

இணையக் காணொளிக்கு இந்தப் பேச்சு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. யூடியூப் 2017 ஆகஸ்டில் தீவிரவாத உள்ளடக்கத்தைத் தானியங்கி முறையில் நீக்கத் தொடங்கியபோது, சிரியப் போரின் கொடுமைகளைப் பதிவு செய்த காணொளிகளும் பெருமளவில் மறைந்தன. முன்கூட்டியே இறக்கிச் சேமித்து வந்த சிரியன் ஆர்க்கைவ் போன்ற குழுக்களிடம் பிரதிகள் இருந்தன. அதே மாதம் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் லிபியாவின் ராணுவத் தளபதி ஒருவருக்கு எதிராகப் பிறப்பித்த பிடியாணைக்குச் சமூக வலைத்தளக் காணொளிகளே முக்கிய ஆதாரமாக இருந்தன.

இந்த நிலைப்பாட்டுக்கும் எல்லை உண்டு. தளத்திலிருந்து இறக்கியது அசல் அல்ல. ஏற்றும்போதே தளம் அதை மறுபடி சுருக்கி, கேமரா எழுதிய விவரங்களை உதிர்த்துவிடுகிறது. இலங்கையில் கைதிகள் சுட்டுக் கொல்லப்படும் காட்சியைச் சேனல் 4 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியபின் எழுந்த வாதங்களை ஈழத்தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது உண்மையா என்ற சர்ச்சை கோப்பின் தொழில்நுட்ப விவரங்களைச் சுற்றியும் நடந்தது. உண்மையானதாகவே தோன்றுகிறது என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் 2010 ஜனவரியில் நிபுணர்களின் ஆய்வை வைத்துச் சொல்லவேண்டியிருந்தது. எங்கிருந்து, எப்போது, எப்படி எடுத்தது என்ற குறிப்பில்லாத பிரதி சாட்சியாக நிற்பது கடினம்.

மறக்கப்பட விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். பதினாறு வயதில் போட்ட காணொளியை இருபத்தைந்து வயதில் நீக்கிய பெண்ணுக்கு, அது முன்பின் தெரியாதவரின் ஹார்டு டிஸ்க்கில் இருப்பது பாதுகாப்பாகத் தோன்றாது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் நீக்கச் சொல்லும் உரிமையைத் தருகின்றன. ஆனால் இரண்டுமே தனிநபர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பதைத் தொடுவதில்லை. பாதுகாப்பை வாதமாக வைப்பவர்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் கண்டும் காணாமல் கடந்துவிடுகிறார்கள்.

தீராமல் இருப்பவை

பிறகு பார்ப்பதற்காக எடுத்து வைப்பதில் ஓரளவு உடன்பாடு உருவாகியிருக்கிறது என்று சொல்லலாம். 1984இன் தீர்ப்பும், இந்தியச் சட்டத்தின் 2012 விளக்கமும், நிறுவனங்களின் ஆஃப்லைன் பொத்தானும் வெவ்வேறு வழியில் அதே இடத்துக்கு வருகின்றன. நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்தான் எதுவும் முடியவில்லை.

சட்டம் அனுமதிப்பதை ஒப்பந்தம் தடுக்க முடியுமா என்பதற்கு இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வெளிப்படையாகப் பதில் தரவில்லை. ஜெர்மனியைப் போலக் கருவியின்மீது தீர்வை வைத்துப் படைப்பாளிக்குக் கொடுக்கும் ஏற்பாடும் இங்கே இல்லை. ஏற்கெனவே டேட்டாவுக்கும் போனுக்கும் காசு கொடுப்பவரின் தலையில் இன்னொரு செலவை ஏற்றுவதா என்ற எதிர்ப்பு நியாயமானது. அதே சமயம், அந்த ஏற்பாடு இல்லாமல் 'சொந்த உபயோகம்' என்று பேசுவது படைப்பாளியின் செலவில் பேசுவது என்ற எதிர்வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

செயற்கை நுண்ணறிவு இதைப் புதிய சிக்கலாக்குகிறது. ஓபன்ஏஐ நிறுவனம் யூடியூபின் பத்து லட்சம் மணி நேரத்துக்கும் மேலான காணொளிகளை எழுத்தாக மாற்றிப் பயன்படுத்தியதாக நியூயார்க் டைம்ஸ் 2024 ஏப்ரலில் எழுதியது. அந்த அளவில் வாருவதைத் தடுக்கத் தளங்கள் எழுப்பும் மதில், ஒரு பாடத்தை இறக்கப் பார்க்கும் மாணவரின் முன்னாலும் நிற்க வாய்ப்பிருக்கிறது. சட்டம் இருவரையும் எப்படிப் பிரித்துப் பார்க்கும் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் நம் சட்டத்தின் இடைவெளி மிக வெளிப்படையானது. வணிக நோக்கமில்லாத பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்று 52ஆம் பிரிவின் ஒரு கூறு அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் படைப்பின் மின்னணு அல்லாத பிரதி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்வதை மனதில் வைத்து எழுதிய வரி அது. விடிய விடிய நடந்த ஒரு தெருக்கூத்தை ஊர்க்காரர் ஒருவர் போனில் எடுத்து யூடியூபில் மட்டும் போட்டிருந்தால், அதற்கு நூலகத்தின் அலமாரியில் கேசட்டோ டிவிடியோ இருக்கப்போவதில்லை. அதைக் காப்பாற்ற நினைக்கும் நூலகர் இந்தக் கூற்றின் கீழ் வரமாட்டார். தன் போனில் சொந்த உபயோகத்துக்கு இறக்கி வைத்திருக்கும் வாசகருக்கு இருக்கும் இடம்கூட, இன்றைய வாசகத்தின்படி, அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.